ஒரு படம், பத்து ஒலித்தடம்: திருட்டுப் பிரதிக்கு இதில் பங்கு எவ்வளவு?

ஒலிமேசை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. பதினேழு வருடமாக டப்பிங் படங்களுக்கு மிக்சிங் செய்கிறேன். பக்கத்து இழையில் ஒரு நண்பர், "டூயல் ஆடியோ, மல்ட்டி ஆடியோ என்று ஒரே படத்தில் பல மொழி ஒலி வந்த பிறகுதான் திருட்டுப் பிரதி தலைவிரித்து ஆடுகிறது" என்று எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனி இழை.

தொழில்நுட்பத்தின் மேல் மட்டும் பழி போடுவது எனக்கு ஒப்பவில்லை. டப்பிங் முடிந்திருக்கும், மிக்சிங் முடிந்திருக்கும், தடம் தயாராக ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். அதை வெளியே விடாமல் நாம் வைத்திருப்போம். அந்த இடைவெளியில்தான் திருடுபவன் கடை விரிக்கிறான்.

ஃபிலிம் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒலி படச்சுருளின் ஓரத்திலேயே ஒளித்தடமாக அச்சாகியிருக்கும். மொழி மாறினால் முழுப் பிரிண்டையும் புதிதாகப் போட வேண்டும். அதற்கும் முன்னால், பேசும் படம் வந்த புதிதில் டப்பிங் கலையே சரியாக வளரவில்லை. 1930 வாக்கில் பாரமவுண்ட் நிறுவனம் பாரிஸ் அருகே ஜுவான்வில்லில் ஸ்டூடியோ வைத்து, ஒரே கதையை ஒரே அரங்க அமைப்பில் நடிகர்களை மட்டும் மாற்றி மாற்றிப் பல மொழிகளில் எடுத்தது. மொழி ஒன்றுக்கு ஒரு படம்!

1993இல் டிடிஎஸ் என்ற திரையரங்க ஒலி முறை வந்தபோது பிரிண்டில் ஒரு நேரக் குறியீடு மட்டும் இருந்தது. ஒலி தனியாக சிடி-ரோமில். அதே பிரிண்ட், டிஸ்க்கை மாற்றினால் வேறு மொழி. இன்றைய டிசிபி, அதாவது டிஜிட்டல் திரையரங்குக்குப் போகும் படக் கோப்புத் தொகுப்பு, அதே யோசனையின் வளர்ச்சிதான். மூலப் பதிப்பை ஒரு தடவை திரையரங்கு சர்வரில் ஏற்றிவிட்டால், அடுத்த மொழிக்குப் படத்தைத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை. ஒலியும், எந்தப் படத்தோடு எந்த ஒலி ஓட வேண்டும் என்று சொல்லும் சிறிய பட்டியல் கோப்பும் போதும். கணக்குப் போட்டால் புரியும்: இரண்டு மணி நேரப் படம் விநாடிக்கு 250 மெகாபிட் என்ற உச்ச விகிதத்தில் 225 ஜிபி வரும். ஆறு சேனல் கொண்ட 5.1 ஒலி, 24 பிட்டில், சுமார் 6 ஜிபி.

இவ்வளவு மலிவாகவும் வேகமாகவும் மொழியைக் கொண்டு சேர்க்க முடிகிற காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு படத்துக்கு மூன்று மொழி மிக்சிங் செய்தேன். வெளியீட்டுக்கு முந்தைய இரவு மூன்றாவது மொழியைச் சர்வரில் ஏற்றிப் பார்க்கிறோம். நான்காவது ரீலில் கதவு சாத்துகிற காட்சி. கதவு மூடிவிட்டது, அரை விநாடி கழித்து 'டப்'. பன்னிரண்டு ஃபிரேம். எங்களுக்குப் படத்தைக் கொடுத்த பிறகு அந்த ஷாட்டை எடிட்டர் வெட்டியிருக்கிறார், யாரும் சொல்லவில்லை. விடியற்காலைக்குள் சரிசெய்து கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த மொழியின் உரிமையை வாங்கியிருந்தவர், "வேறு தேதியில் விட்டுக்கொள்கிறேன்" என்று ஏழு வாரம் தள்ளிப் போட்டார். இரண்டாவது வாரமே இணையத்தில் அந்த மொழியில் படம் வந்துவிட்டது. யாரோ வீட்டு மைக்கில் பேசிய குரல். நாங்கள் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த தடம் வந்தபோது, பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்திருந்தார்கள். இன்றுவரை அது ஆறவில்லை.

மற்றவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். எங்கே எதைத் தரவிறக்கலாம் என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

ராத்திரிக்காட்சி

அண்ணா, மறைக்காம சொல்றேன், நானும் அப்படிப் பார்த்தவன்தான். எனக்கு மூல மொழி தெரியாது. அப்பாவுக்குக் கண் மங்கல், சப்டைட்டில் படிக்க முடியாது. அவர் மொழியில பேசினாதான் படம். காசு கட்டி வச்சிருக்கிற ஓடிடி சேவையில அந்தப் படம் இருக்கு, நம்ம மொழி மட்டும் இல்ல. அதே சேவையில வேற நாட்டுல இருக்கிற மாமா வீட்டுல அந்த மொழி இருக்கு! ஏன்னு யாராவது விளக்குங்களேன். காசு கொடுக்கத் தயாரா நிக்கிறவனை ஏன் திருட்டு வாசல் பக்கம் தள்ளுறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.

நிரலாளன்

ராத்திரிக்காட்சி, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் என்னிடம் இருக்கிறது. மீதியை விநியோகத்தில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஓடிடி சேவைகளுக்குக் கோப்பு தயாரிக்கும் பக்கத்தில் வேலை பார்க்கிறேன்.

முன்பெல்லாம் படமும் ஒலியும் ஒரே கோப்பில் கலந்திருக்கும். பத்து மொழி, ஆறு வகைப் படத்தரம் என்றால் 60 கோப்பு. இணையத்தில் படத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் எச்எல்எஸ் முறையை ஆப்பிள் 2009இல் கொண்டுவந்தது, அதே மாதிரியான டேஷ் முறை 2012இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது. இப்போது படம் தனி, ஒலி தனி. ஆறு படக் கோப்பு, பத்து ஒலிக் கோப்பு, மொத்தம் 16. நீங்கள் திரையில் மொழியை மாற்றும்போது பிளேயர் படத்தைத் தொடுவதே இல்லை, ஒலித் துண்டுகளை மட்டும் வேறு இடத்திலிருந்து எடுக்க ஆரம்பிக்கிறது. விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் இரண்டு மணி நேரப் படத்தின் ஒரு மொழி சுமார் 115 எம்பி. புதிய மொழியைச் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பச் செலவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

அப்படியானால் உங்களுக்கு ஏன் அந்த மொழி தெரியவில்லை? பெரும்பாலும் அந்தக் கோப்பு சர்வரில் இருக்கும். உங்கள் நாட்டுக்கான பட்டியலில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வரியை எடுக்கச் சொல்லி எங்களுக்கு ஒரு விரிதாள் வரும். நாடு ஒரு பத்தி, மொழி ஒரு பத்தி, ஆம் அல்லது இல்லை. அதைப் பார்த்துச் செய்யும்போது ஒவ்வொரு 'இல்லை'க்குப் பின்னாலும் உங்கள் அப்பா மாதிரி ஒருவர் இருப்பார் என்று தோன்றும். மனசு கேட்காது.

ஒலிமேசை அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். இந்தப் பிரிப்பு திருடுபவர்களுக்கும் பெரிய வசதி, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. படத்துக்குப் பலத்த பூட்டுப் போட்டுவிட்டு ஒலியைப் பூட்டாமலே அனுப்பிய சேவைகள் இருந்தன, பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒலியை யாரும் பெரிய சொத்தாக நினைக்கவில்லை. ஆனால் நல்ல தரமான படம் ஒரு நாட்டிலிருந்து கசிந்தால், அதைப் பத்து மொழிச் சந்தைக்கும் விற்கத்தக்க சரக்காக மாற்றுவது ஒலிதான்.

கோப்புக்காலம்

இந்த வசதி வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்கு ரசிகர் சப்டைட்டில் போடும் குழுவில் இருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

விசிடி காலத்தில் இரண்டு மொழி வேண்டுமென்றால் ஸ்டீரியோவைப் பலி கொடுக்க வேண்டும். இடது பக்கம் ஒரு மொழி, வலது பக்கம் இன்னொன்று. ஹாங்காங் விசிடிகள் பலவற்றில் காண்டனீஸும் மாண்டரினும் அப்படித்தான் இருந்தன. டிவிடி வந்தது, எட்டு ஒலித்தடம், 32 சப்டைட்டில் தடம் வரை இடம். பிறகு 2002 கடைசியில் மட்ரோஷ்கா. எம்கேவி கோப்பு என்று நாம் சொல்வது இதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரிலிருந்து வந்தது. எத்தனை மொழி வேண்டுமானாலும் ஒரே பெட்டிக்குள். அதை முதலில் வாரி அணைத்துக்கொண்டவற்றில் அனிமே குழுக்களும் உண்டு.

ஆனால் ஒட்டுவது லேசான காரியம் இல்லை. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். வட அமெரிக்கா, ஜப்பான் தொலைக்காட்சி வழியில் வந்தது 23.976. ஐரோப்பாவின் 'பால்' (PAL) தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் 25, அதாவது படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டு மணி நேரப் படம் 115 நிமிடத்தில் முடியும், நடிகரின் குரலும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். ஒரு நாட்டுப் படத்தில் இன்னொரு நாட்டு டப்பிங்கைப் பொருத்துகிறவர் முதல் காட்சியில் உதட்டசைவைச் சேர்த்துவிட்டு சந்தோஷப்படுவார். 24க்கும் 23.976க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். 72ஆவது நிமிடத்தில் பார்த்தால் ஒலி 4.3 விநாடி விலகியிருக்கும். கதாநாயகி வாய் மூடியபின் வசனம் வரும்.

அந்தச் சிரமம்தான் ஒரு தடுப்புச் சுவராக இருந்தது. உலகம் முழுக்க ஒரே வேகத்தில், ஒரே எடிட்டில் படம் போக ஆரம்பித்ததும் அந்தச் சுவர் தானாக இடிந்துவிட்டது. நேர்மையாக வெளியிடுபவருக்கு எது வசதியோ அதே ஒழுங்கு மறுபக்கத்துக்கும் வசதி.

எங்கள் குழு எப்படிக் கலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போலீஸ் வரவில்லை, வழக்கு வரவில்லை. 2006இல் அனுமதியில்லாத ரசிகர் பிரதிகள் ஏறிய தளமாகத் தொடங்கிய கிரஞ்சிரோல், 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு, ஜப்பானில் ஒளிபரப்பான சில மணி நேரத்தில் சப்டைட்டிலோடு கொடுக்க ஆரம்பித்தது. நாங்கள் மூன்று நாள் உட்கார்ந்து செய்ததை அவர்கள் அன்றைக்கே, சட்டப்படி கொடுத்தார்கள். எங்களுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

விநியோகம்77

எல்லோரும் எங்கள் பக்கம் கைநீட்டுகிறீர்கள், நானும் பேசிவிடுகிறேன். சிறிய படங்களை வெளிநாட்டு உரிமைக்கு வாங்கி விற்பவன் நான்.

ஒரு தயாரிப்பாளர் படத்தை எடுத்து முடிக்கும் முன்பே பணம் தீர்ந்துவிடும். எந்த மொழி உரிமையை முன்கூட்டியே வாங்க ஆள் இருக்கிறதோ, அவருக்கு விற்றுத்தான் கடைசிக் கட்டப் படப்பிடிப்பே நடக்கும். வாங்கினவர் முதல் போட்டவர். அவர் தேதியை அவர்தான் முடிவு செய்வார், அவருக்குத் திரையரங்கு கிடைக்க வேண்டும், விளம்பரத்துக்குப் பணம் புரட்ட வேண்டும். "எல்லா மொழியும் ஒரே நாள்" என்று எழுதுவது சுலபம். எல்லா மொழி உரிமையும் ஒரே கையில் இருக்கும் பெரிய நிறுவனத்தால்தான் அதைச் சிரமமில்லாமல் செய்ய முடியும். என் மாதிரி ஆட்களை ஒழித்துவிட்டு இரண்டு மூன்று பெரிய சேவைகள் மட்டும் மிஞ்சினால் திருட்டு குறையலாம். சின்னப் படத்தை அன்று யார் வாங்குவார்கள்?

மொழியை வேலியாகப் பயன்படுத்துகிறோம் என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. புளூ-ரே டிஸ்க் எந்தெந்த நாட்டில் ஓடும் என்று பகுதி பிரித்துக் குறியீடு போட்டிருப்பார்கள், அதில் ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே 'ஏ' பகுதி. ஜப்பானில் அனிமே டிஸ்க் விலை அதிகம். அமெரிக்க டிஸ்க் மலிவு. அமெரிக்காவிலிருந்து ஜப்பான்காரர்கள் வரவழைத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில், ஜப்பானிய ஒலியைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில சப்டைட்டிலை அணைக்க முடியாதபடி பூட்டிய டிஸ்க்குகள் வந்தன. பகுதிக் குறியீடு செய்ய முடியாததை மொழியை வைத்துச் செய்தார்கள். நிரலாளன் சொல்லும் அந்த விரிதாளும் அதே வேலிதான். ஒரு நாட்டில் குறைந்த விலைக்குக் கொடுப்பதை இன்னொரு நாட்டுக்காரர் எடுத்துவிட்டால், அங்கே உரிமை வாங்கினவர் என் சட்டையைப் பிடிப்பார்.

ஒலிமேசை

விநியோகம்77 சார், நீங்கள் வந்து எழுதியதற்கு நன்றி. முன்விற்பனை இல்லாமல் சின்னப் படம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். உரிமையை விற்கும்போதே கடைசித் தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதலாமே? மூல மொழி வெளியாகி இத்தனை நாளுக்குள் இந்த மொழி வர வேண்டும், வராவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்று. தடம் தயாராக இருந்தும் ஏழு வாரம் பெட்டியில் தூங்கியது முதலீட்டுப் பிரச்சினை இல்லை சார். அந்தத் தேதிக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

இன்னொரு விஷயம். ஒலிக்குள்ளேயே திருட்டைப் பிடிக்கும் தொழில்நுட்பமும் உண்டு. திரையரங்கு சர்வர்கள் படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் படாத அடையாளத்தைப் போடுகின்றன. எந்த அரங்கில், எப்போது ஓடிய காட்சி என்று பின்னால் கண்டுபிடிக்கலாம். சினாவியா என்று இன்னொன்று. ஒலித்தடத்திலேயே புதைத்த குறி, செல்போனில் பதிவு செய்தாலும் அழியாது. 2012 பிப்ரவரியிலிருந்து வந்த புளூ-ரே பிளேயர்கள் அதைக் கண்டுபிடித்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியை நிறுத்திவிடும். ஆனால் இதிலும் மொழி குறுக்கே வருகிறது. குறி இருப்பது ஒலியில். ஒலியைக் கழற்றிவிட்டு வேறு மொழிக் குரலை மாட்டினால் குறியும் கழன்றுவிடும். அதிகாரபூர்வ டப்பிங் வராத மொழிக்காரர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இப்படிக் குறியில்லாத பிரதிதான்.

குரல்காரி

அண்ணா, நான் டப்பிங் கலைஞர். எங்கள் பக்கம் யாரும் யோசிப்பதே இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரிய வெளிநாட்டுப் படம் என்றால் எங்களுக்குப் படம் எப்படி வரும் தெரியுமா? கறுப்புத் திரை. அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் நான் குரல் கொடுக்க வேண்டிய நடிகையின் வாய் மட்டும். அவர் யாரோடு பேசுகிறார், அழுதுகொண்டிருக்கிறாரா, எதிரில் பிணம் கிடக்கிறதா, ஒன்றும் தெரியாது. திரை முழுக்க ஸ்டூடியோ பெயர் குறுக்கே ஓடும். கசியக் கூடாது என்பதற்காக. அந்த வாயைப் பார்த்துத்தான் ஒரு தாயின் அழுகையை நான் கொண்டுவர வேண்டும். இயக்குநர் பக்கத்தில் நின்று, "இப்போ அவ கதவைத் திறக்கிறா, உள்ளே யாரும் இல்ல" என்று சொல்லுவார். அதைக் கேட்டு மனசுக்குள் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு பேசுவேன்.

பயம் நியாயம்தான். மொழி கூடக் கூட, வெளியாகும் முன் படத்தைத் தொடும் கைகளும் கூடுகின்றன. 2016 கடைசியில் ஹாலிவுட்டில் ஒரு ஒலிக்கூடத்தின் கணினிகளுக்குள் புகுந்து, நெட்ஃபிளிக்ஸின் பிரபலத் தொடர் ஒன்றின் ஐந்தாவது சீசனை 2017இல் முன்கூட்டியே வெளியிட்டார்கள். 2024 ஆகஸ்ட்டில் அதே நெட்ஃபிளிக்ஸின் இன்னும் வராத அனிமேத் தொடர்கள் கசிந்தபோதும், பின்தயாரிப்புப் பங்காளி ஒருவரிடமிருந்து போனது என்றுதான் சொன்னார்கள். இப்படி ஒவ்வொரு தடவை கசியும்போதும் எங்கள் வட்டம் இன்னும் சின்னதாகிறது. நடிப்பும் அதோடு சேர்ந்து சின்னதாகிறது.

இப்போது வந்திருப்பது அதைவிடப் பெரிய கவலை. இசையும் குரலும் ஒட்டிய தடத்திலிருந்து குரலை மட்டும் உரித்தெடுக்கும் நிரல்கள் 2019லிருந்தே இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்ப்ளீட்டர் அப்படி வந்ததுதான். முன்பு எம் அண்ட் ஈ ட்ராக், அதாவது வசனம் இல்லாத இசையும் சத்தமும் மட்டும் உள்ள தடம், தயாரிப்பாளர் கொடுத்தால்தான் டப்பிங்கே செய்ய முடியும். அந்தச் சாவி போய்விட்டது. பேச்சை எழுத்தாக்க 2022இல் விஸ்பர் வந்தது. அதோடு குரலை நகலெடுக்கும் கருவிகள். போன வருடம் ஒருவர் எனக்கு ஒரு துண்டு அனுப்பி, "அக்கா, இந்தப் படத்துக்கும் நீங்களா?" என்று கேட்டார். கேட்டுப் பார்த்தேன். என் குரல். என் மூச்சு இழுப்பு. 'ற' சொல்லும்போது எனக்கு வரும் அந்த அழுத்தம்கூட. அந்தப் படத்துக்கு நான் போகவே இல்லை. யாரிடம் போய்ப் புகார் சொல்வேன்? படத்தின் உரிமையாளர் திருட்டுப் பிரதிக்காக நோட்டீஸ் அனுப்புவார். என் குரலுக்காக யார் அனுப்புவார்கள்?

ராத்திரிக்காட்சி

அக்கா, இதைப் படிச்சதும் கஷ்டமா இருக்கு. நான் பார்த்த பிரதியில அப்பா, "இந்தப் பொண்ணு குரல் நல்லா இருக்கு"ன்னு சொன்னது ஞாபகம் வருது. அது யார் குரலோ, யார்கிட்ட இருந்து எடுத்ததோ.

மொழிபெயர்ப்பாள்

குரல்காரி சொன்னதோடு சேர்த்து ஒரு பழைய கதையைச் சொல்கிறேன், திருட்டுப் பிரதியில் குரல் கொடுத்தவர்களின் கதை.

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சியில் மேற்கத்தியப் படங்களுக்குக் கடும் கட்டுப்பாடு. இரீனா நிஸ்டோர் என்ற பெண் அரசுத் தொலைக்காட்சியில் மொழிபெயர்ப்பாளர். பகலில் அந்த வேலை. மற்ற நேரத்தில் ஒரு அறையில் உட்கார்ந்து, கடத்தி வந்த விஎச்எஸ் வீடியோ நாடாக்களுக்குக் குரல் கொடுத்தார். ஆண், பெண், குழந்தை, வில்லன் எல்லோருக்கும் அவர் ஒருவரே. 1985லிருந்து தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். மக்கள் சன்னலை மூடிக்கொண்டு கூட்டமாகப் பார்த்தார்கள். அவர் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். சோவியத் யூனியனிலும் இதே மாதிரி ஒற்றைக் குரல் நாடாக்கள் சுற்றின. லியோனித் வலதார்ஸ்கியின் மூக்கடைத்த குரலை அடையாளம் தெரியக் கூடாதென்று மூக்கில் கிளிப் மாட்டிப் பேசுகிறார் என்று ஊரே நம்பியது.

அங்கே வேறு வழியே இல்லை. அதனால் அதை நான் இன்றைய வியாபாரத் திருட்டோடு சமமாக வைக்க மாட்டேன். ஆனால் ஒன்று தெளிவு. மொழி கிடைக்காத இடத்தில் மக்கள் தரத்தைப் பார்ப்பதில்லை. ஒரே குரல் எல்லோருக்கும் பேசினாலும், பின்னால் மூல வசனம் கேட்டாலும் சகித்துக்கொள்வார்கள்.

சட்டத்தின் பக்கம் ஒரு சந்தேகமும் இருக்கக் கூடாது. மொழிபெயர்க்கும் உரிமை படைத்தவருக்கே என்று பெர்ன் என்ற பன்னாட்டுக் காப்புரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு சொல்கிறது. 2017 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், ரசிகர்கள் இலவசமாகச் செய்யும் சப்டைட்டில்கூட அனுமதியில்லாவிட்டால் உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. "காசு வாங்கவில்லையே" என்பது வாதமாக நிற்காது.

செவிவழி

நான் பார்வையற்றவன். ஸ்கிரீன் ரீடர் வழியாக இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டிய மொழி இன்னொன்று: காட்சி விளக்கத் தடம். வசனங்களுக்கு நடுவே, "அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறான்" என்று சொல்லுமே, அது.

நிரலாளன் சொன்ன அந்த விரிதாளில் எங்களுக்கும் ஒரு பத்தி இருக்கும் போல. ஒரே படத்துக்கு ஒரு நாட்டில் காட்சி விளக்கம் இருக்கும், இன்னொரு நாட்டில் இருக்காது. அந்தத் தடத்தை எழுதியாகிவிட்டது, பதிவும் செய்தாகிவிட்டது, படம் இரண்டு இடத்திலும் ஓடுகிறது. தடம் மட்டும் எல்லை தாண்டாது. புத்தகங்களுக்கு 2013 மராகேஷ் உடன்படிக்கை இருக்கிறது, பார்வையற்றோருக்கான பிரதிகள் நாடு விட்டு நாடு போகலாம். சினிமா அதில் சேரவில்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. திரையரங்குகளில் காது கேளாதோருக்கும் எங்களுக்கும் அகச்சிவப்பு அல்லது எஃப்எம் வழியாக ஹெட்ஃபோனுக்குத் தனி ஒலி அனுப்புவார்கள். அதைத்தான் திருடுபவர்கள் பிடித்து, செல்போனில் எடுத்த படத்தோடு ஒட்டி, "லைன் ஆடியோ" என்று பெருமையாக விற்கிறார்கள். அது தெரிந்ததிலிருந்து எனக்கு ஒரே பயம், இந்த வசதியையே எடுத்துவிடுவார்களோ என்று. ஒருமுறை ஒரு அரங்கில் ஹெட்ஃபோன் கேட்டபோது, "அதிலிருந்துதான் சார் லீக் ஆகுது, கொடுக்கிறதில்ல" என்றார்கள். என்னோடு வந்த தம்பி படம் முழுக்க என் காதில் கிசுகிசுத்தான். முன்வரிசையில் இருந்தவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரோ செய்த திருட்டுக்கு நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நிரலாளன்

செவிவழி, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் வாசித்துக் காட்டப் போகிறேன். அந்த ஒலியை குறியாக்கம் செய்து அனுப்ப வழி இருக்கிறது. அதற்கு வசதியையே எடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் தியேட்டர்இயர்ஸ் என்ற செயலி, ஆங்கிலப் படம் ஓடும் அரங்கில் ஸ்பானிஷ் ஒலியைப் பார்வையாளரின் செல்போனிலேயே கொடுக்கிறது. செல்போன் மைக் அரங்கின் ஒலியைக் கேட்டு, படம் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலிருந்து ஹெட்ஃபோனில் மொழியைத் தொடங்கும். காற்றில் திறந்து விடுவதைவிட, இருக்கை வாங்கியவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் திறக்கும் தடம் பாதுகாப்பானது. காட்சி விளக்கத்துக்கும் இதே வழி பொருந்தும்.

யூடியூப் பக்கமும் பாருங்கள். 2023 பிப்ரவரியில் ஒரே வீடியோவில் பல மொழி ஒலி சேர்க்க அனுமதித்தார்கள், 2024 டிசம்பரில் தானியங்கி டப்பிங்கைப் பரவலாக்கினார்கள். முன்பு ஒருவர் வீடியோவை எடுத்து வேறு மொழியில் பேசித் தன் சேனலில் போட்டுக்கொள்வார். இப்போது பார்வை எண்ணிக்கை மூல வீடியோவுக்கே சேருகிறது. ஆனால் இயந்திரக் குரலுக்கும் குரல்காரி அக்கா அழுகைக்கும் உள்ள தூரத்தைச் சினிமாக்காரர்கள் மறந்துவிடக் கூடாது. வேகம் வேண்டும் என்பதற்காக அவர் வேலையைப் பறிப்பது இந்தப் பிரச்சினைக்குத் தீர்வாகாது.

விநியோகம்77

ஒலிமேசை, கடைசித் தேதி யோசனையை நேற்று ஒரு தயாரிப்பாளரிடம் பேசினேன். வாங்குபவர் விலையைக் குறைப்பார் என்றார். குறைக்கத்தான் செய்வார். இரண்டாவது வாரத்தில் திருட்டு டப்பிங் வந்தால் மிஞ்சும் விலையைவிட அந்தக் குறைந்த விலையே அதிகம் என்று நான் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். நான் அடுத்து வாங்கும் படத்தில் 30 நாள் என்று எழுதப் போகிறேன். குரல் நகலெடுக்கக் கூடாது என்ற வரியையும் கலைஞர் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்கிறேன். அதைத் திருடுபவன் மதிக்க மாட்டான், தெரியும். குறைந்தபட்சம் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் அவர் குரலை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

குரல்காரி

நன்றி சார். அந்த ஒரு வரியை இதுவரை எந்த ஒப்பந்தத்திலும் நான் பார்த்ததில்லை.

ஒலிமேசை

இப்போது கையில் இருக்கும் படம் நான்கு மொழி. எடிட்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, எடிட்டிங்கை முடித்துப் படத்தைப் பூட்டிய பிறகு ஒரு ஃபிரேம் தொட்டாலும் எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிவிட்டேன். நான்கும் ஒரே நாள் வருகின்றன, இதற்குத் தயாரிப்பாளரையும் சம்மதிக்க வைத்தாகிவிட்டது. குரல்காரியின் பதிவைப் படித்தபின் இன்னொன்றும் கேட்டேன்: உணர்ச்சிக் காட்சிகளுக்காவது கலைஞர்களை எங்கள் கூடத்துக்கே வரவழைத்து, இணையத் தொடர்பில்லாத கணினியில் முழுப் படத்தையும் காட்டிப் பதிவு செய்வோம் என்று. சரி என்றார்கள்.

செவிவழி, டிசிபியில் 8ஆம் சேனல் காட்சி விளக்கத்துக்கென்றே ஒதுக்கியது. பெரும்பாலான படங்களில் அது வெறுமையாகவே போகிறது. இந்தப் படத்தில் இரண்டு மொழிக்காவது எழுதிப் பதிவு செய்ய ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வெளியீட்டுக்கு முந்தைய இரவு சர்வரில் ஏற்றிப் பார்க்கும்போது அந்தச் சேனலை நானே ஹெட்ஃபோனில் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, எந்தெந்த அரங்குகளில் அது வேலை செய்கிறது என்று இதே இழையில் எழுதுகிறேன்.